காளஹஸ்தியில் ஐ.டி. வேலை

ஐ.டி. வேலைக்குத் தகுதி பி.இ., ஜாவா, பைத்தான் என்று விளம்பரம் சொல்லும். அதில் இல்லாத ராகு-கேது பரிகாரத்தைச் சோதிடர்தான் சொல்வார். பக்கத்து ஏர்ப்பேட்டில் திருப்பதி ஐ.ஐ.டி. வளாகமே இருக்கிறது, கூட்டம் என்னவோ காளஹஸ்திக் கோயிலில்தான். கிரகணத்தன்றும் நடை சாத்தாத இடமாயிற்றே, சப்போர்ட் வேலைக்குப் போகிறவர்கள் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

மற்றப் பணிகளும் தலபுராணத்திலேயே இருக்கின்றன. பாம்பு வைத்த மாணிக்கத்தை யானை தள்ளிவிட்டுத் தழை வைக்கும். மறுநாள் தழையைப் பாம்பு தள்ளும். இரண்டு டீம், ஒரே ஃபைல்.

வேடரான கண்ணப்பருக்கு டிகிரி கிடையாது. அவர் படைத்த இறைச்சியைச் சிவகோசரியார் தினமும் கழுவித் தள்ளினார், அசல் குவாலிட்டி டீம். ஆறாம் நாள், யாரும் கேட்காமலே தன் கண்ணைப் பிடுங்கி லிங்கத்தில் அப்பினார் வேடர். இன்றைய கம்பெனிகள் கேட்டே வாங்குகின்றன, மாதத் தவணையில். முதுகு தனி.