தீர்ப்பு சொல்லாத நடுவர்கள்

ஹைட் பார்க், சிகாகோ
டிசம்பர் முதல் வாரம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வள்ளி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். மிச்சிகன் ஏரியிலிருந்து அடிக்கிற காற்று எங்களைவிட நலமாக இருக்கிறது.

"சனிக்கிழமையானால் யுனிவர்சிட்டிக்குக் கிளம்பிவிடுகிறாயாமே, கணக்கெழுதிச் சம்பாதிக்கிறவளுக்கு இந்த வயதில் என்ன படிப்பு?" என்று கேட்டிருந்தீர்கள். சித்திதான் சொல்லியிருப்பாள். படிக்கப் போகவில்லை சித்தப்பா, ஓசியில் பேச்சுக் கேட்கப் போகிறேன். பட்டிமன்ற நடுவர் வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறென்ன பழக்கம் ஒட்டும்?

இந்தப் பேட்டையில் தடுக்கி விழுந்தால் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு படிக்கட்டில்தான் விழவேண்டும். 1890-இல் ராக்ஃபெல்லர் கொடுத்த எண்ணெய்ப் பணத்தில் தொடங்கியது. வயது குறைவுதான். ஆனால் சாம்பல் நிறக் கல்லும் கூர்ங்கோபுரமும் வைத்து, இங்கிலாந்தின் பழைய கல்லூரிகளுக்கே அண்ணன் என்று நினைக்கும்படி கட்டி வைத்திருக்கிறார்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமையை 'ஹியூமானிட்டீஸ் டே' என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இலக்கியம், தத்துவம், இசை, மொழியியல், கலை வரலாறு என்று வாரமெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர்கள் அன்றைக்கு ஊராருக்குச் சொல்லுவார்கள். கட்டணம் கிடையாது, பெயரைப் பதிந்துகொண்டால் போதும். மாணவர்கள் வருடத்துக்கு எத்தனை ஆயிரம் டாலர் கட்டி இதே ஆட்களின் பேச்சைக் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, எனக்குத் தூக்கம் வந்தாலும் தூங்க மனசு வருவதில்லை. அவ்வளவு காசையும் மிச்சம் பிடித்த கணக்காயிற்றே!

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நோட்டுப் புத்தகம், சீவிய பென்சில், தோள் பையில் ஒரு சாண்ட்விச் சகிதம் பரீட்சைக்கு வந்தவர்களைப்போல முன்வரிசையைப் பிடித்துவிடுகிறார்கள். என்னை "சின்னப் பெண்ணே" என்று கூப்பிடும் ஒரே இடம் இதுதான் என்பதாலும் நான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் வந்திருந்தால் பாதியிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பீர்கள். இங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் பேராசிரியர் "ஆக..." என்று இழுப்பார். தீர்ப்பு வருகிறது என்று நான் நிமிர்ந்து உட்காருவேன். "ஆக, நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்" என்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள்.

அதற்கப்புறம் சபையினர் கேள்வி கேட்கும் நேரம். கேள்வி என்று எழுந்து நின்ற ஒரு பெரியவர் தம் பட்டாளத்து நாட்களில் தொடங்கி, ஷேக்ஸ்பியர் வழியாக, காலமான மனைவியின் தோட்டம் வரை வந்துவிட்டார். கேள்வி மட்டும் வந்து சேரவில்லை. பேராசிரியர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நம் மேடையாக இருந்தால் நீங்கள் மணியைத் தட்டியிருப்பீர்கள். இங்கே தட்ட ஆளில்லை. அதுவும் எந்த ஊரில்? 72 மணி வைத்திருக்கும் ஊரில்!

ஆமாம் சித்தப்பா, வளாகத்திலுள்ள ராக்ஃபெல்லர் தேவாலயத்துக் கோபுரத்தில் 72 வெண்கல மணிகள். மொத்தம் சுமார் 100 டன். ராக்ஃபெல்லரின் மகன் தன் அம்மா நினைவாகச் செய்து வைத்தார். 1932-இலிருந்து ஒலிக்கின்றன. வாசிப்பவர் மரக்கட்டைகளை முஷ்டியால் குத்தியும் காலால் மிதித்தும் வாசிக்கிறார். பார்ப்பதற்கு யாரோடோ சண்டை போடுகிற மாதிரி இருக்கும், கீழே தெருவில் கேட்பதற்குத் தேனாக இருக்கும். சில நாட்களில் பொதுமக்களையும் மேலே அழைத்துப் போகிறார்கள். 271 படி. சித்தியின் முழங்காலிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பக்கத்திலேயே ஒரு அருங்காட்சியகம். 1919-இல் பிரெஸ்டெட் என்ற எகிப்தியவியல் அறிஞர் நிறுவிய ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தது அது. உள்ளே போக, மனமிருந்தால் காசு போடலாம், இல்லாவிட்டாலும் முறைக்கமாட்டார்கள். அசீரிய அரசன் இரண்டாம் சார்கோனின் அரண்மனை வாசலில் நின்ற காளை ஒன்று அங்கே இருக்கிறது. மனிதத் தலை, சிறகு, 40 டன் எடை. முன்னாலிருந்து பார்த்தால் நிற்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் நடக்கிறது. இரண்டுக்கும் சரிக்கட்ட ஐந்து கால் வைத்துவிட்டான் சிற்பி. அவனும் தீர்ப்புச் சொல்லாத கட்சிதான் போலிருக்கிறது.

"தமிழைப் பற்றி அங்கே எவனுக்குத் தெரியும்?" என்று கடிதத்தை முடித்திருந்தீர்களே, அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். 1962-இல் ஒரு சனிக்கிழமை, மைசூரில் பிறந்த ஓர் இளைஞர் இதே வளாகத்தின் ஹார்ப்பர் நூலக அடித்தளத்துக்குப் பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் போனார். கையில் அகப்பட்டது 1937-இல் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை. ஏ.கே. ராமானுஜன்தான் அவர். 1967-இல் அதிலிருந்து பாடல்களை ஆங்கிலமாக்கிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1993-இல் காலமாகும்வரை இங்கேதான் பாடம் சொன்னார். நான் படித்த பள்ளிக்கூடத்திலும் குறுந்தொகை இருந்தது. பீரோ சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. தலைமையாசிரியர் எப்போதும் லீவில் இருந்தார்.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு விஷயத்துக்காக. போன வாரம் இதே பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டிமன்றம் பார்த்தேன். அசல் பட்டிமன்றம்! தலைப்பு: 'சிறந்தது லாட்கேயா, ஹாமன்டாஷா?' இரண்டும் யூதர்களின் பலகாரம்.

லாட்கே என்பது உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் துருவி, முட்டை சேர்த்துத் தட்டி எண்ணெயில் பொரித்தது. கோயில் விளக்கில் ஒரு நாளைக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்த அதிசயத்தை ஹனுக்கா பண்டிகையில் கொண்டாடுகிறார்கள் அல்லவா, அதனால் எண்ணெய்ப் பலகாரம். (இந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லாமே எண்ணெயில்தான் ஆரம்பிக்கிறது.) ஹாமன்டாஷ், நம் சோமாசியை முக்கோணமாக்கி அடுப்பில் சுட்ட மாதிரி, உள்ளே கசகசா அல்லது பழப் பூரணம். பூரிம் பண்டிகைக்கு உரியது. யூதர்களை அழிக்க நினைத்த பாரசீக மந்திரி ஹாமனின் பெயரில் செய்து, கடித்துத் தின்றுவிடுகிறார்கள். எதிரியை ஒழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் கடைசியில் வான்கோழி விருந்து வியாழன் வருமே, அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நடத்துவது பழைய வழக்கம். மேடையில் ஏறுகிறவர்கள் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்களாக இருக்கவேண்டும், பட்டமளிப்பு அங்கி போட்டு ஊர்வலமாக வரவேண்டும் என்பதெல்லாம் மரபு. ஒவ்வொருவரும் தத்தம் துறையைப் பலகாரத்தின்மேல் ஏவிவிடுகிறார்கள். முக்கோணத்தின் மூன்று மூலைகளை வைத்து ஒருவர் தத்துவம் பேசினால், வட்டத்துக்கு மூலையே கிடையாது, ஆகவே அது யாரையும் குத்தாது என்று இன்னொருவர் எழுந்திருக்கிறார். படம், வரைகோடு, அடிக்குறிப்பு எல்லாம் உண்டு. முகத்தில் மட்டும் சிரிப்புக் கிடையாது. நீங்கள் எப்போதும் சொல்வீர்களே, பேசுகிறவன் சிரித்தால் கேட்கிறவன் சிரிக்கமாட்டான் என்று. அந்தப் பாடம் இவர்களுக்கு யார் சொன்னார்களோ!

சாதாரண ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொருளாதார நோபல் வாங்கிய மில்டன் ஃப்ரீட்மன், ஜார்ஜ் ஸ்டிக்லர், இயற்பியல் நோபல் வாங்கிய லியான் லெடர்மன், தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம், பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஹன்னா கிரே எல்லோரும் ஒரு காலத்தில் இந்த மேடையில் உருளைக்கிழங்குக்கும் கசகசாவுக்கும் வாதாடியவர்கள். டெட் கோஹன் என்ற தத்துவப் பேராசிரியர் பல வருடம் நடுவராக இருந்திருக்கிறார். நகைச்சுவைத் துணுக்குகளைப் பற்றியே தத்துவ நூல் எழுதிய மனிதர். 2005-இல் பழைய உரைகளைத் தொகுத்துப் பல்கலைக்கழக அச்சகமே புத்தகம் போட்டிருக்கிறது.

1946-இல் யூத மாணவர்களுக்கான மதகுரு மாரிஸ் பெகார்ஸ்கியும், மானிடவியலாளர் சோல் டாக்ஸும், வரலாற்றாசிரியர் லூயி காட்ஷாக்கும் சேர்ந்து தொடங்கியது. விளையாட்டு என்று நினைக்காதீர்கள் சித்தப்பா. அந்தக் காலத்தில் யூதப் பேராசிரியர்கள் தாங்கள் யூதர் என்பதைக் கல்லூரிக்குள் அடக்கியே வைத்திருந்தார்களாம். மாணவர்களோ பண்டிகை நேரத்தில் வீட்டைவிட்டு எங்கோ கிடந்தார்கள். ஆசிரியரும் வீட்டில் இதே பலகாரம் தின்று வளர்ந்தவர்தான் என்று எல்லோர் முன்னிலும் தெரிய, இப்படி ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நாங்களும் இங்கே அலுவலகத்துக்குத் தயிர்சாதம் கொண்டுபோவதற்கு முன்னால் நாலு முறை யோசிக்கிறவர்கள்தானே, எனக்கு அது சட்டென்று பிடிபட்டது.

விவாதம் முடிந்தது. நடுவர் எழுந்தார், நன்றி சொன்னார், உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த பாட்டியம்மாளிடம் "தீர்ப்பு எப்போது?" என்று கேட்டேன். "1946-இலிருந்து காத்துக்கொண்டிருக்கிறோம்" என்றாள். அதற்குள் கூட்டம் வெளியே ஓட ஆரம்பித்திருந்தது. அங்கே இரண்டு பலகாரமும் வைத்திருந்தார்கள்.

குன்றக்குடி அடிகளார் நடுவராக வீற்றிருந்ததைச் சின்ன வயதில் பார்த்ததைப் பெருமையாகச் சொல்லுகிறவர் நீங்கள். இதைக் கேட்டுக் கொதித்துப்போவீர்கள் என்று தெரியும். அதனால் ஒரு யோசனை. அடுத்த நவம்பரில் சித்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வாருங்கள். கம்பளிக்கு நான் பொறுப்பு. இவர்களுடைய எழுபது எண்பது வருஷத்து வழக்கு நிலுவையை ஒரே ராத்திரியில் முடித்துவைக்க உங்களைவிட்டால் ஆளில்லை.

சித்திக்கு ஒரு செய்தி: லாட்கேயை வீட்டில் செய்து பார்த்தேன். துருவிய கிழங்கைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிந்துவிடவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்தேன். மேல்மாடியில் இருக்கும் யூத அம்மாளுக்குக் கொடுத்தனுப்பினேன். அரை மணி நேரத்தில் காலித் தட்டோடு இறங்கி வந்து, "இது லாட்கே இல்லை" என்று சொல்லிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

உங்கள் அன்பு மகள்,
வள்ளி