ஒரிஜினல்காரர்

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரிஜினல் இல்ல."

தட்டு கைக்கு வருவதற்கு முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிடும். தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார், நான் யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை. மூன்றாவது தெருவில் பச்சை கேட் போட்ட வீட்டுக்காரர் இதைப் படித்தால், தன்னைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம்.

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலத்தில் ஒரு அத்தோ வண்டி, அதாவது பர்மா நூடுல்ஸ் வண்டி, போடுகிறார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைகோஸ், வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணி, பூண்டு பொரித்த எண்ணெய் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு அந்த அக்கா கையாலேயே பிசைந்து தருவார். கூடவே வாழைத்தண்டு சூப். நமக்கு நாக்கில் எச்சில் ஊறும். நம்மாளுக்கோ கேள்வி ஊறும்.

"நீங்க பர்மாவாம்மா?"

"வியாசர்பாடி சார். எங்க மாமியார் ரங்கூன்ல பொறந்தவங்க."

"அவங்களா பிசையறாங்க?"

"இல்ல சார், நான்தான்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்கிற பார்வை. அப்புறம் கையுறையைக் காட்டி, "ஒரிஜினல்ல இதெல்லாம் கிடையாது" என்றார். கையுறை போடாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

சரி, ஒரிஜினல் எங்கே? பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் பக்கம் என்றார். நியாயம்தான். 1962-ல் பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்து, கடைகண்ணிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். 1969-ல் ராஜாஜி சாலையில் பர்மா பஜார் வந்தது. அத்தோவும் அந்தக் கூட்டத்தோடு வந்ததுதான். மின்சார ரயில் ஏறி, வியர்வையில் நனைந்து, அங்கேயே கூட்டிப் போனேன். ஒரு வாய் போட்டுக்கொண்டார். "இப்ப பையன் போடறான். அப்பா இருந்தப்போ வந்திருக்கணும்." அந்த அப்பாவும் உயிரோடு வந்து பிசைந்திருந்தால், ரங்கூன் என்றிருப்பார். ரங்கூனுக்கே போனால் நே வின்னுக்கு முன்னால் என்பார். இவரோ கும்மிடிப்பூண்டியைத் தாண்டினவர் இல்லை.

பிரியாணிக்கு ஆம்பூர், காபிக்குக் கும்பகோணம் என்று மற்றப் பட்டியலும் உண்டு. அதற்குள் போனால் பக்கம் போதாது.

டைடல் பார்க்கில் வேலை பார்க்கும் என் அக்கா பையன் ஒருநாள், பெரு நாட்டுச் சாப்பாடு எப்படியிருக்கும், சாப்பிட்டுப் பார்க்கணும் மாமா என்றான். நம்மாள் காதில் விழுந்துவிட்டது. "ஒரிஜினல் கிடைக்காது தம்பி." பெரு எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும். 1849 முதல் சீனாவிலிருந்து கூலிகளாக அங்கே போனவர்களின் சமையல் வழி வந்ததுதான் லோமோ சால்தாதோ. மாட்டிறைச்சித் துண்டுகளை வெங்காயம், தக்காளி, சோயா சாஸோடு வதக்கி, உருளைக்கிழங்கு வறுவலைச் சேர்த்து, சோற்றோடு வைப்பார்கள். லிமாவில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். சோயா சாஸ் சீனா, உருளைக்கிழங்கு அந்த ஊர் மண். இவர் அங்கே போனால் எதை ஒரிஜினல் என்பது என்று தெரியாமல் பட்டினி கிடப்பார். இவர் உயிரை விடும் ஒரிஜினல் உடுப்பி மசால் தோசைக்குள் இருப்பதும் அந்த ஆண்டீஸ் மலைக்காரர்கள் பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் பயிராக்கிய கிழங்குதான். சொல்லவில்லை. சொன்னால் மசால் தோசையையும் விட்டுவிடுவார், அப்புறம் அவர் மனைவி என்னைச் சும்மா விடமாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாநகரிலிருந்து அவர் மச்சினன் வந்திருந்தார். அங்கே ஏதோ ஏசி கடையில் அத்தோ பிரமாதம் என்று ஆரம்பித்தார். நம்மாள் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "எங்க பட்டாபிராம் ஸ்டேஷன்ல ஒரு அம்மா போடறாங்க பாருங்க. ரங்கூன் குடும்பம். அதான் ஒரிஜினல்!" அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் மச்சினனை ரயில் ஏற்றிவிட்டு, இரண்டு பேருமாக வண்டிக்கு வந்தோம். ஒரு வாய் போட்டார். "ஹூம்" என்றார்.

இது விளையாட்டில்லை. பின்னால் வேலை விட்டு வந்தவர்கள் பசியோடு வரிசையில் நிற்கிறார்கள், இவர் புளித்தண்ணியைப் பற்றி விசாரணை நடத்துகிறார். ஒரிஜினல் இல்லாத சூப்பை மட்டும் "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று கிண்ணத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறார், அதற்குத் தனிக்காசு இல்லை என்பதால். ஒரிஜினல் இல்லாததற்கு எதற்கு இவ்வளவு விலை என்று வேறு கேட்கிறார், ஆனால் பணம் கொடுப்பது நான். அந்த அக்கா முன்பெல்லாம் என்னைப் பார்த்தாலே கேட்காமல் பொரித்த பூண்டை ஒரு கை அள்ளிப் போடுவார். இப்போது நான் தனியாகப் போனால்கூட, முதலில் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பூனால் அளந்து போடுகிறார்.