குழாய் விட்டக்காரர்

மினசோட்டாவில் ஏரிகள் உறைந்து, பனிக்கட்டி மேல் ஆட்கள் காரோட்டிப் போகும் ஜனவரியில்தான் இவருக்குப் படகு சீசன் ஆரம்பம். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842 இருக்கும் மாநிலம் அது. படகை விட அப்போது ஓரிடம் கிடையாது. இவரோ மினியாபொலிஸ் மாநாட்டு மையத்துப் படகுக் கண்காட்சியில், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பான்டூன் படகின் சோபாவில் உட்காருவதும் எழுவதுமாக இருப்பார்.

பான்டூனில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. நீளமான இரண்டு அலுமினியக் குழாய்கள், மேலே தட்டையான தளம், சுற்றிலும் அடைப்பு, மெத்தை இருக்கைகள், பின்னால் மோட்டார். 1952இல் இதே மாநிலத்து ரிச்மண்ட் ஊர்ப்பக்கம் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டு மிதக்கவிட்டதுதான் தொடக்கம். எந்தப் பீப்பாய் உசத்தி என்று அவர் ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்ததாகத் தகவல் இல்லை.

நம்மவர் யோசிப்பார். பென்னிங்டன், ஹாரிஸ், சன் டிராக்கர், பிரீமியர் எல்லாம் எக்செல்லில் வரிசை கட்டி நிற்கும். அகலத்துக்கு ஒரு பத்தி. அதில் மேலிருந்து கீழ்வரை எட்டரை அடிதான். அதைத் தாண்டினால் சாலையில் இழுத்துப்போகத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதால் கம்பெனிகள் பெரும்பாலும் தாண்டுவதில்லை. ஆனாலும் பத்தி இருக்கிறது.

குழாய் விட்டம் என்று யாராவது வாயெடுத்தால் போச்சு. “23 அங்குலத்துக்கும் 25க்கும் ரெண்டு அங்குலம்தானே?” என்று கேட்டவர் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர மாட்டார். நீளம் ஒன்றாக இருந்தால் குழாயின் கொள்ளளவு 18 சதவீதம் கூடும். அவ்வளவுக்குக் கூடுதல் பாரம் தாங்கும். கணக்கு சரிதான். இவரிடம் உள்ள தொல்லையே அது, கணக்கு எப்போதும் சரியாக இருக்கும். மூன்றாவது குழாய் உள்ள டிரைட்டூன் பற்றிப் பேச ஆரம்பித்தால் விற்பனையாளர் மெல்ல காபி பக்கம் நகர்ந்துவிடுவார்.

மனைவியின் சோதனை வேறு. இருக்கைப் பலகையைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பார்ப்பார், லைஃப் ஜாக்கெட்டுகள் அடங்குமா என்று. ஓடும் படகில் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் அதைப் போட்டே தீர வேண்டும் என்பது அங்கே சட்டம். பிறகு பின்பக்கம் போய் ஏணியை இறக்குவார். “மூணே படி. தண்ணியிலேர்ந்து அம்மா எப்படி ஏறுவாங்க?”

ஏணிக்கு எக்செல்லில் பத்தி இல்லை.

மோட்டாரில் 90 குதிரைத்திறனா, 115ஆ என்று மார்ச் முழுக்கப் போகும். சாயங்காலம் சாண்ட்விச் தின்றபடி ஏரியை நடை வேகத்தில் சுற்றிவரத்தான் வாங்குகிறார்கள். என்றாலும், “எதுக்கும் இருக்கட்டுமே” என்று 115.

ஏப்ரலில் பனி உடைகிறது. கடையில் மிச்சம் நிற்பது நீல நிறத்தில் ஒன்றே ஒன்று. பட்டியலில் அதற்கு மூன்றாமிடம். ஆனால், ஏணியில் நாலு படி. மனைவி தலையாட்ட, இவர் கையெழுத்துப் போடுகிறார். அன்றிரவே எக்செல்லைத் திறந்து ‘உடனே கிடைக்கும்’ என்று புதுப் பத்தி சேர்த்து, நீலத்துக்கு இருபது மதிப்பெண் போட்டு அதை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.