லைட்டு ஒரு தடவைதானே அடிச்சது?

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் அண்ணன், நீட்டுகிற கையைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்ப்பதில்லை. பட்டாவா, வாரிசுச் சான்றா, விவாகரத்து மனுவா? எதுவானால் என்ன! உங்கள் குடும்பச் சண்டையில் அவர் கவனிக்கும் ஒரே விஷயம் ஸ்டேப்ளர் பின். அதைக் கழற்றாமல் ஃபீடரில் விட்டால் பேப்பர் சிக்கும். சிக்கினால் பக்கக் கதவைத் திறந்து, கொதிக்கும் உருளைக்கருகே வெறுங்கையை விட்டு உருவி எடுப்பார். 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 மெஷினில் பேப்பர் தீப்பிடிக்கக்கூடும் என்று கூடவே ஒரு தீயணைப்பானையும் கொடுத்தார்களாம். அண்ணனுக்கு அதெல்லாம் தேவைப்படாது. 'ஸ்ஸ்' என்று விரலை உதறிக்கொள்வதோடு சரி.

ஜெராக்ஸில் புள்ளி விழுந்தால் பெரிய கண்ணாடியைத் துடைப்பார். மேலிருந்து கீழே கோடு விழுந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார். ஓரத்தில் விரல் அகலத்துக்கு இன்னொரு கண்ணாடி உண்டு. ஃபீடரில் விட்ட பேப்பர் அதன் மேல்தான் ஓடும். விளக்கு அங்கே நகராது, பேப்பர்தான் நகரும். அதனால் அதில் கடுகளவு அழுக்கு ஒட்டினாலும் பக்கம் முழுக்கக் கோடாக நீண்டுவிடும். நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்து, "யாருங்க அது, ஒயிட்னர் காயறதுக்குள்ள குடுத்தது?" என்பார். அப்போது மட்டும் எல்லார் முகத்தையும் பார்ப்பார்.

அவருக்கு வாய்த்த சோதனை, கணக்குக் கேட்கிறவர்கள்.

"தம்பி, லைட்டு ஒரு தடவைதானே அடிச்சது? அஞ்சு ஜெராக்ஸுக்குக் காசு கேக்குற?"

பெரியவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பழைய மெஷினில் தாளில் பட்ட வெளிச்சமே கண்ணாடிகள் வழியாகப் போய் டிரம்மில் விழும். அஞ்சு நகலுக்கு அஞ்சு தடவை லைட்டு ஓடும். இப்போதுள்ளது ஒரு தடவை படித்து மெமரியில் வைத்துக்கொண்டு, கேட்கிற நகலையெல்லாம் லேசரால் டிரம்மில் எழுதுகிறது. அண்ணன் இவ்வளவு பேசுவாரா? "லைட்டுக்குக் காசில்லைங்கய்யா, பேப்பருக்குத்தான்."

பின்னால் நின்ற பையன் அதைப் பிடித்துக்கொள்வான். "அப்ப என்னோடது ஸ்கேன்தாண்ணா. வாட்ஸ்அப்லதான் அனுப்புனீங்க. பேப்பரே வரலையே!"

அதற்குள் ஓர் அக்கா: "ஜெராக்ஸ் 2 ரூபா, போன்ல இருக்கிறதைப் பிரிண்ட் போட்டா 10 ரூபாயா? அதே மெஷின்தானே?"

"டவுன்லோட் பண்ணணும்லக்கா."

உள்ளபடி பார்த்தால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது இரண்டு மெஷின்கள். மேலே படிக்கிற ஸ்கேனர், கீழே டோனர் தூளை உருக்கிப் பதிக்கிற பிரிண்டர். ஸ்கேனுக்கு மேல்வீடு மட்டும் வேலை செய்கிறது. பிரிண்டுக்குக் கீழ்வீடு மட்டும். இரண்டுமே உழைப்பது ஜெராக்ஸுக்குத்தான். கடையில் மலிவும் அதுதான். இதை யாரும் அண்ணனிடம் போய் விளக்கிவிடாதீர்கள். நாளைக்கே ஜெராக்ஸ் 12 ரூபாய் என்று போர்டு மாட்டிவிடுவார்.