நாலாயிரம் ரூபா நார்

வா தாயி, வா. தேங்கா நார் மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு எவளோ விக்க வந்துட்டானு நெனச்சேன். ‘அப்பத்தா’னு கூப்புட்டயா, அப்பறந்தான் நாருக்குக் கீழ நம்ம வீட்டு மூக்குத் தெரிஞ்சிச்சு.

பார்லர்ல சுருட்டை வைக்க எம்புட்டுக் குடுத்த? 4,000 ரூபாயா! ஒங்க அத்தைக்குப் பெறப்புலயே சுருட்டை, ஓசியில வந்துச்சு. அத நேராக்குறேன்னு இஸ்திரிப் பெட்டியில தலையக் குடுத்தவ அவ. நல்ல குடும்பம்.

அழுகாத. கிட்ட வந்து உக்காரு, பாப்போம். ம்ம், மோந்து பாக்கயிலயே தெரியுதே. தீப்பெட்டி ஆபீஸ்ல 30 வருசம் குப்பை கொட்டுனவளுக்குக் கந்தக வாடை தெரியாதா? முடிக்குள்ளயும் கந்தகம் இருக்காம். கெமிஸ்ட்ரி படிக்கிறாளே ஒங்க பெரியப்பா மக, அவ சொன்னா. கந்தகமும் கந்தகமும் கை கோத்து நிக்கிறதாலதான் முடி அதது போக்குல கெடக்காம். பார்லர்ல மொதல்ல தடவுற மருந்து அந்தக் கையப் பிரிச்சு விட்டுரும். குழல்ல சுத்தி ரெண்டாவது மருந்த ஊத்துனா, சுருண்ட வாக்குலயே திரும்பக் கோத்துக்கிரும். மொத மருந்துக்கு ஏதோ தையோகிளைக்கோலேட்டுனு பேராம். இருக்கிற மூணு பல்ல வச்சு அதுக்குமேல என்னால சொல்ல முடியல. குச்சிய மருந்துல முக்குறதுக்கே எங்க ஆபீஸ்ல கணக்கு இருந்துச்சு. ஒந்தலைய ஊறப் போட்டுட்டு அந்தப் பார்லர் புள்ள போன்ல பேசிக்கிட்டு இருந்திருக்கா.

இந்தக் கூத்த ஆரம்பிச்சவனே பொண்டாட்டி முடியப் பொசுக்குனவன்தான். 1905 வாக்குல லண்டன்ல கட போட்டிருந்த நெஸ்லர்ங்கிற ஜெர்மன்காரன். மாட்டு மூத்திரமெல்லாம் கலந்து தடவிப் பாத்தானாம். ஒனக்கு அது வேணும்னா தொழுவத்துல இருக்கு, காசு வேணாம்.

என்னைக்குச் செஞ்ச? நேத்துச் சாயங்காலமா? ரெண்டு நாளைக்குத் தலைக்கு ஊத்தாதனு சொல்லி அனுப்பிருப்பாளே. அது சுருட்டை நிக்கணும்ங்கிறவளுக்கு. ஒனக்குத்தான் அது போய்த் தொலையணுமே! இன்னைக்கே ஷாம்பு போட்டு அலசு, கொஞ்சம் இளகிக் குடுக்கும். அதுக்கு முந்தி தேங்கா எண்ணெயத் தாராளமா வையி. சீயக்காயத் தொடாத, காஞ்சது இன்னும் காஞ்சு போகும். செம்பருத்தி எலையக் கசக்கித் தாரேன், அந்த வழவழப்புல சிக்கு தானா விடும். பெரிய பல்லுச் சீப்பு எடுத்து நுனியில இருந்து மேல வா. ஒன் அவசரத்துக்கு உச்சியில இருந்து இழுத்தயோ, ஈர முடி இத்துக்கிட்டுக் கையோட வந்துரும்.

எதுத்த வீட்டுக்காரி முட்டைய ஒடச்சு ஊத்தச் சொல்லுவா. மேல பூசுமே ஒழிய முட்டை உள்ள நொழையாது. வெந்நியில அலசுனயோ, தலையிலயே பொரியல். அவிச்சுத் தா, நான் திங்கிறேன்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. நேராக்கித் தாரேன்னு அந்தப் பார்லர்காரி கூப்புடுவா, கொறச்சுப் போடுறேன்னும் சொல்லுவா. போயிராத. ஏற்கெனவே வெந்து கெடக்கு, அத மறுபடி ஒலையில போடுவாளா ஒருத்தி? சாயமும் அடிக்காத, சூட்டு மிசினும் வேணாம். பொசுங்குன நுனிய எந்தக் கொம்பனாலயும் உசுப்ப முடியாது. மாசம் அர இஞ்சு வளரும், வளர வளரக் கத்திரிச்சு விடு. ஆவணியில ஒங்க சித்தி மக கல்யாணத்துக்குக் கொண்டை போட்டு ரெண்டு மொழம் மல்லியச் சுத்திரலாம். உள்ள என்ன கெடக்குனு எவ பிரிச்சுப் பாக்கப் போறா?

தாத்தா செருமுற சத்தம் கேக்குது பாரு. துண்ட எடுத்து மூடுடி வெரசா! விரிச்ச தலையோட ஒன்னப் பாத்தாரு, சாமி வந்திருச்சுனு திருநூத்துக் கொப்பறையோட ஓடியாந்து, வெள்ளாம எப்பிடி இருக்கும்னு ஒங்கிட்டக் குறி கேட்டுட்டு நிப்பாரு.