நடையிலிருந்து விலக்கு கோரி ஒரு மனு

அனுப்புநர்:
ஒரு குடும்பத் தலைவர்,
நான்காவது மாடி, லிப்ட் வசதியுள்ள அடுக்ககம்,
சென்னைப் புறநகர்.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
உலக சுகாதார நிறுவனம்,
ஜெனீவா.

பொருள்: உடலசைவு – வாரம் 150 நிமிடம் – விலக்கு அளிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நிறுவனத்தின் 2020 நவம்பர் மாத வழிகாட்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 18 முதல் 64 வயது வரையுள்ளவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக உடலை அசைக்க வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் மூச்சு வாங்க உழைக்க வேண்டும், அதுபோக வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று பார்வையில் காணும் வழிகாட்டுதலில் தெரிவித்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்தேன். படுத்துக்கொண்டுதான் படித்தேன். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எழுதியவர்கள் எங்கள் அடுக்ககப் பக்கம் வந்ததே இல்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆகவே கீழ்க்காணும் காரணங்களைக் கனிவுடன் பரிசீலித்து எனக்கு விலக்கு அளிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

அசைய எனக்கு மனமில்லை என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. சந்தர்ப்பம் இல்லை. மின் கட்டணம் கட்ட ஒரு நடை, ரயில் டிக்கெட் எடுக்க ஒரு நடை, பாஸ்புக்கில் வரவு பதிய ஒரு நடை, கேஸ் பதிய ஒரு நடை என்று என் அப்பா காலத்தில் குடும்பம் நடத்துவதற்கே வாரம் முழுக்க நடக்க வேண்டியிருந்தது. அத்தனையும் இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அலுவலகமும் வாரத்தில் பாதி நாள் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிடுகிறது. முன்பெல்லாம் மேல்தொட்டி வழிகிற சத்தம் கேட்டால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டாரை அணைக்க ஓடுவேன். தங்கள் வகைப்பாட்டில் அது தீவிர உழைப்பில் சேரும் என்று நம்புகிறேன். தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கும்படி ஒரு கருவியைப் பொருத்தி, எலெக்ட்ரீஷியன் அந்த ஓட்டத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வோர் அசைவும் கணக்கில் சேரும் என்று தாங்களே அறிவித்திருப்பதால், என் தரப்பு அசைவுகளையும் பதிவு செய்துவிடுகிறேன். வலது கட்டைவிரல் நாள் முழுக்க ஓய்வின்றி உழைக்கிறது. சார்ஜர் வயர் எட்டாதபோது சோபாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்கிறேன். ரிமோட் மெத்தை இடுக்கில் விழுந்துவிட்டால் குனிந்து, கையை விட்டுத் துழாவி எடுக்கிறேன். இதில் இடுப்பு, தோள், முழங்கை மூன்றுக்கும் பங்குண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் 150 வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதியை ஈடுகட்டத்தான் ஒரு வழி வைத்திருக்கிறேன்.

அண்மையில் ஒரு மாலை, அடுப்பில் ரசம் கொதிக்கிறது, வீட்டில் கறிவேப்பிலை இல்லை. தெருமுனையில் அண்ணாச்சி கடை இருக்கிறது. அங்கே காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. ஆனால் அதற்குப் போக வேண்டும். “என்ன சார், ஆளையே காணோம்?” என்பார். நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். திரும்பி வேறு வர வேண்டும். செயலியில் போட்டேன். கறிவேப்பிலை மட்டும் என்றால் டெலிவரிக் கட்டணம் உண்டு என்றது. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு ஐஸ்கிரீம் டப்பா, இரண்டு குளிர்பானம் சேர்த்தேன். ரசத்தை இறக்குவதற்குள் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். ஹெல்மெட்டைக் கழற்ற நேரமில்லை. முன்கண்ணாடியை மட்டும் மேலே தள்ளியிருந்தான். வியர்வை தாடை வாரில் இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. பையை நீட்டிய கை லேசாக நடுங்கியது.

“ஏன் தம்பி, லிப்ட் ஓடலையா?”

“ஓடுது சார். டெலிவரி ஆளுங்க ஏறக் கூடாதுன்னு கீழ போர்டு வச்சிருக்காங்க.”

அந்தத் தீர்மானம் நிறைவேறிய சங்கக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆதரித்துக் கை தூக்கினேன். அந்த வாரம் என் தோளுக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். அவன் ஏறிய நான்கு மாடியும் என் கறிவேப்பிலைக்காக ஏறியவை. காசு கொடுத்தவன் நான். ஆகவே அந்தப் படிகளை என் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இதற்கு முன்னுதாரணம் தங்கள் ஐ.நா. குடும்பத்திலேயே இருக்கிறது. 1997இல் கியோட்டோவில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, புகை விடும் நாடு வேறொரு நாட்டில் குறைந்த புகையைக் காசு கொடுத்து வாங்கித் தன் கணக்கில் காட்டிக்கொள்ள முடிந்தது. புகைக்கு உள்ள சலுகை வியர்வைக்கு ஏன் இல்லை? விடியற்காலையில் கார் துடைப்பவர், தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றி வருபவர், இஸ்திரித் துணி கொண்டுவருபவர், பாத்திரம் துலக்கித் தரை துடைத்துப் போகும் அக்கா என்று என் ஒரு வீட்டுக்காக அசைகிறவர்களின் நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். நான் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறுவேன்.

இதனால் அவர்களுக்கு நஷ்டம் ஏதுமில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த உழைப்பால் அவர்களுக்கு ஆரோக்கியம் சேர்ந்த மாதிரி தெரியவில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. கேன் போடுகிறவர் இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறார். அந்தப் பையன் நாள் முழுக்கச் சாலைப் புகையைக் குடிக்கிறான். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையை, பிழைப்புக்காக ஓய்வில்லாமல் தூக்கும் சுமை தருவதில்லை என்று ஆய்வாளர்களும் எழுதிவருகிறார்கள். ஆக, நான் கைவிட்ட உழைப்பு அவர்களிடம் போய் ஆரோக்கியமாகச் சேரவில்லை. நடுவழியில் எங்கோ தொலைந்துவிட்டது. யாரும் உரிமை கோராத அந்தச் சொத்தைத்தான் நான் கேட்கிறேன்.

ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் லண்டனில் வெளியிட்ட ஆராய்ச்சியைத் தாங்கள் எனக்கு எதிராக எடுத்து நீட்டக்கூடும். மாடிப் பேருந்தின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டவர் அவர். ஒரே பேருந்து, ஒரே நிர்வாகம். ஒருவர் பணி நேரத்தின் பெரும்பகுதி உட்கார்ந்தே இருந்தார். மற்றவர் டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படி வரை ஏறினார். ஏறியவர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பிழைத்தவர்கள் அதிகம். சில ஆண்டுகள் கழித்துச் சீருடைக் கணக்கைப் புரட்டியபோது, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததும் வெளியானது. தையல்காரருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மாரிஸ் தானும் உடற்பயிற்சி செய்து 99 வயது வரை இருந்துவிட்டுத்தான் போனார். ஆராய்ச்சியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதையே சென்னையில் செய்திருந்தால் தேறியிருக்காது. எங்கள் பேருந்தில் நடத்துநர் தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். காசுதான் பத்துப் பேர் கை மாறி அவரிடம் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியாகத் திரும்பி வரும். அந்த நெரிசலில் அவர் நடக்க ஆசைப்பட்டாலும் நடக்காது என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா வாரம் தவறாமல் வைக்கும் வாதத்தையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதால்தான் பெண்களுக்கு வியாதி வந்தது என்பது அவர் கட்சி. பெரியப்பா மாவாட்டி யாரும் பார்த்ததில்லை. ஆட்டியவர் பெரியம்மா. ராத்திரி தோளில் தைலம் தேய்த்துக்கொண்டவரும் அவர்தான். 1950களில் கோவையில் மின்சார கிரைண்டர் வந்தபோதும் சரி, 2011இல் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோதும் சரி, பெரியம்மாவைப் போன்றவர்கள் விட்ட நிம்மதிப் பெருமூச்சில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. மிச்சமான நேரத்தில் பெரியம்மா நடைப்பயிற்சி போயிருக்கலாமே என்பீர்கள். அதற்குள் பெரியப்பா, “இட்லியோட ரெண்டு வடையும் தட்டிடேன்” என்று சொல்லிவிட்டார்.

இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் போதுமான உடலசைவு இல்லை என்று தங்கள் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கை, பெரியப்பா தன் கட்சிக்குச் சாட்சியாகக் குழுவில் ஒட்டியிருக்கிறார். அதிகாலையில் பூங்காவில் நடப்பவர்களை நானும் கவனிக்கிறேன், பால்கனியிலிருந்து. சுற்றுக்குச் சுற்று ஆண்கள்தான் அதிகம் வருகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் டிகாஷன் இறக்குவது யார் என்ற கேள்வியைக் குழுவில் கேட்டேன். பெரியப்பா குட்மார்னிங் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து, முழங்கால். கட்டில், சோபா, சாப்பாட்டு மேஜை, மேல்நாட்டுக் கழிப்பறை என்று தரையோடு எனக்கிருந்த தொடர்பு ஒவ்வொன்றாக அறுந்துவிட்டது. ஒரு கோயில் அன்னதானத்தில் பந்திப் பாயில் உட்கார நேர்ந்தது. உட்காருவதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது. எழும்போது வலப்பக்கத்து இலைக்காரரின் தோள், இடப்பக்கத்துத் தூண், பின்னாலிருந்து சாம்பார் வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்த பரிமாறுபவரின் கை என்று மூன்று தரப்பு உதவி தேவைப்பட்டது. தரையில் உட்கார்ந்து, கையோ முழங்காலோ ஊன்றாமல் எழ முடிகிறவர்கள் அதிக நாள் உயிரோடு இருக்கிறார்கள் என்று பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோவின் குழு 2012இல் எழுதியிருக்கிறது. அந்தக் கட்டுரையைப் பந்தியில் யாரும் படித்திருக்கவில்லை என்பது எனக்கு ஆறுதல்.

நடக்கலாம் என்றால் எங்கே? தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கிவைத்தது. மனமார வரவேற்கிறேன். அந்த நடை தொடங்கும் இடத்துக்குப் போக எனக்குக் கார் வேண்டும். போனால் காரை நிறுத்த இடம் வேண்டும். என் தெருவில் இருக்கும் நடைபாதையிலோ முதலில் மின்மாற்றி, அடுத்து டீக்கடை பெஞ்சு, அதற்கடுத்து எதிரே ஏறி வரும் பைக். அது அநேகமாக என் வீட்டுக்கு எதையோ கொண்டுவரும் பைக்காகத்தான் இருக்கும்.

சரியென்று தவணையில் ஒரு டிரெட்மில் வாங்கினேன். அதன் பூர்வீகம் பிறகுதான் தெரிந்தது. 1818 வாக்கில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் இங்கிலாந்துச் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம் அதன் மூதாதை. கைதிகள் மணிக்கணக்கில் படி மிதித்தார்கள், இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்காவது அரசாங்கம் சோறு போட்டது. நான் மாதம் பிறந்தால் வங்கிக்குக் கட்டுகிறேன். துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை உண்டு. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்வதால், தனியாக இருக்கிறோமே என்ற வருத்தம் இல்லை. ரத்தம் எடுக்க வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மருத்துவர் திரையில் வருகிறார். “கொஞ்சம் நடங்க சார்” என்று அவரும் உட்கார்ந்துகொண்டே சொல்கிறார். வியாதி வரவும் நான் அசைய வேண்டியிருக்கவில்லை, வந்த பிறகும் அசைய வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு சீரான ஏற்பாட்டை 150 நிமிடத்துக்காகக் குலைக்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, ஜனநாயகம். தங்கள் ஆய்வாளர்களின் அதே கணக்குப்படி, போதுமான உடலசைவு இல்லாத இந்தியர்கள் 2000இல் 22 சதவீதம். 2022இல் கிட்டத்தட்ட பாதி. இப்படியே போனால் 2030இல் 60 சதவீதம். தனிப் பெரும்பான்மை எங்களுக்கு வருகிறது, ஐயா. அசைகிறவர்கள் சிறுபான்மையாகப் போகிற நிலையில், அவர்களுக்கேற்ற விதியை எங்கள் மீது திணிப்பது எந்த வகையில் நியாயம்? ஊர்வலம் நடத்திக் கேட்க மாட்டோம். எங்களால் முடியாது என்பது தங்களுக்கே தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே போராடுவோம்.

ஆகவே எனக்கு முழு விலக்கு அளிக்குமாறும், அது இயலாதபட்சத்தில் மேலே சொன்ன படிக்கட்டு வரவுத் திட்டத்தையாவது உடனே அமல்படுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி குடும்பத் தலைவர்.

பி.கு.: பதிலைச் சாதாரணத் தபாலில் அனுப்ப வேண்டாம். அது கீழே பெட்டியிலேயே கிடக்கும். கையெழுத்து வாங்க வேண்டிய தபாலாக அனுப்பினால் தபால்காரர் மாடிக்குக் கொண்டுவந்து தருவார். அவர் லிப்டில் ஏறலாமா கூடாதா என்பதை அடுத்த சங்கக் கூட்டத்தில் வைத்திருக்கிறோம்.