பழைய துப்பாக்கி, பெரிய மனசு

மனிதரை மனிதர் நம்பும் நாடு எது என்று கேட்டால் யோசிக்காமல் அமெரிக்காவைச் சொல்வேன். அதிலும் டெக்சாஸ். அங்கே ஒருவர் தன் பழைய காரை விற்றால் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து, வாங்கியவர் கவுண்டி வரி அலுவலகத்துக்கு நடை, பெயர் மாற்றம், வரி, அதற்கு ஒரு கெடு என்று ஆயிரம் சம்பிரதாயம். காரை நம்ப முடியாது, பாருங்கள். அதே காரின் டிக்கியில் கிடக்கும் பழைய ரிவால்வரை உள்ளூர்க்காரர் ஒருவருக்கு விற்பதானால் பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தி, காசை எண்ணி வாங்கி, கை குலுக்கினால் தீர்ந்தது. பெயரைக்கூடக் கேட்க வேண்டாம்.

1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமம் எடு, பேரேடு வை என்று கடைக்காரரைத்தான் படுத்துகிறது. 1993-இன் பிரேடி சட்டமும், 1998 முதல் எஃப்.பி.ஐ. நடத்திவரும் பின்னணிச் சோதனையும் அவர் தலையில்தான். தொழிலாகச் செய்யாமல் சொந்தத் துப்பாக்கியை விற்கும் குடிமகனை மத்தியச் சட்டம் இந்தத் தொல்லைகளிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறது. வாங்குபவர் தகுதியற்றவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். ஆகவே கேள்வி கேட்காமல் இருப்பது நல்ல பண்பு மட்டுமல்ல, நல்ல பாதுகாப்பும்கூட. “ஜெயிலுக்குப் போயிருக்கீங்களா?” என்று கேட்டு, அந்த ஆள் “ஆமாம்” என்று சொல்லித் தொலைத்தால் வியாபாரம் அல்லவா கெடும்? கலிபோர்னியா, கொலராடோ, நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் தனியார் விற்பனையையும் கடைக்காரர் வழியாகச் சோதனையோடு நடத்தச் சொல்கின்றன. சந்தேகப் பிராணிகள் எங்கேதான் இல்லை.

இத்தனை நம்பிக்கை இருந்தும் சண்டை வருகிறதே என்றால், வரத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தீர்க்கும் அழகு இருக்கிறதே!

வேட்டை ரைஃபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். “98 சதவீதம்” என்கிறார் விற்பவர். உலோகத்தின் மேல் இருக்கும் அசல் நீலப் பூச்சில் அவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அதை அளக்கும் கருவி அவருடைய கண். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே, நூறு என்று சொல்லாமல் இரண்டு சதவீதம் விட்டுக்கொடுத்தாரே, அதுவே பெரிய நேர்மை. வாங்குபவர் வேறு மாநிலம். அதனால் சட்டப்படி துப்பாக்கி அவர் ஊர்க் கடைக்காரருக்குப் போய், அங்கே 4473 என்ற படிவத்தை நிரப்பி, சோதனை முடிந்து, கடைக்காரருக்குக் கூலியும் கொடுத்த பிறகு கைக்கு வருகிறது. வீட்டில் குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார். மரைகளின் ஓரம் நெடுகத் துருத் தின்ற குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. கட்டையில் கைப்பிடிக்குப் பின்னால் மயிரிழை விரிசல். அதன் மேல் பசை தடவி, மெருகெண்ணெய் பூசி, புகைப்படத்தில் அந்தப் பக்கம் மட்டும் நிழல் விழும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மூன்று நாள் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பலாம், ஆனால் சுடக் கூடாது என்பது இந்த வியாபாரத்தில் பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். சுட்டால்தான் தெரியும் கோளாறு, உதாரணமாகக் காலித் தோட்டா வெளியே வராமல் சிக்குவது, இருந்தால்? சுட்டால் துப்பாக்கி உங்களுடையது. சுடாவிட்டால் கோளாறே கிடையாது. இதைவிடத் தெளிவான நீதியை நான் எங்கும் கண்டதில்லை.

சரி, விற்றவர் மனமிரங்கித் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டார் என்றே வைப்போம். எப்படி அனுப்புவது? கைத்துப்பாக்கியாக இருந்தால், தனியாட்கள் அதைத் தபாலில் அனுப்பத் தடை விதித்து 1927-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் இரண்டும் உரிமமுள்ளவர்களிடம்தான் துப்பாக்கிப் பார்சல் வாங்குகின்றன. மறுபடி கடைக்காரர், மறுபடி கூலி. பொருள் விற்றவருடைய ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்ததும் அவரும் 4473-ஐ நிரப்ப வேண்டும்; அவரும் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். உள்ளூரில் பேர் தெரியாதவருக்கு விற்கும்போது தேவைப்படாத சோதனை, தன் துப்பாக்கியைத் தானே திரும்ப வாங்கும்போது தேவைப்படுகிறது. யாரைக் கவனமாக விசாரிக்க வேண்டும் என்பதில் சட்டத்துக்கு இருக்கும் தெளிவு மெய்சிலிர்க்க வைக்கிறது.

பணமா? பேபால் துப்பாக்கி வியாபாரத்தைத் தொடாது. எனவே மணியார்டர், செக், ரொக்கம், போனது போனதுதான். கோர்ட்டுக்குப் போகலாம். வணிகர் விற்றால் பொருள் ஒழுங்காக வேலை செய்யும் என்ற உத்தரவாதம் சொல்லாமலே ஒட்டிக்கொண்டு வரும். தனியாள் விற்றால் வராது. வாய் திறந்து சொன்ன உறுதிமொழி செல்லும்தான், ஆனால் அதை நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டுமே. சீட்டு கேட்டால் அந்தரங்க உரிமை என்று முறைப்பவர்கள் உண்டு. டெக்சாஸில் சிறு வழக்கு மன்றம் 20,000 டாலர் வரை விசாரிக்கும். விற்றவர் மொன்டானாவில் இருந்தால், நானூறு டாலர் ரைஃபிளுக்காக அவ்வளவு தூரம் போய் வழக்காட விமானச் செலவுக்கு அஞ்சாத வீரர்களுக்கு நீதி காத்திருக்கிறது.

வாங்கியது திருட்டுத் துப்பாக்கியாக இருந்துவிட்டால் விஷயம் இன்னும் சுலபம். போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும், பேரம் பேசும் வேலையே இல்லை. திருட்டுப் போன துப்பாக்கிகளின் வரிசை எண்கள் எஃப்.பி.ஐ.யின் தேசியக் குற்றப் பதிவேட்டில் இருக்கின்றன. வாங்கப்போகும் பொதுஜனம் மட்டும் அதைப் பார்க்க முடியாது. முன்கூட்டியே பார்த்தால் மனம் சங்கடப்படும் என்ற கரிசனமாகத்தான் இருக்க வேண்டும். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று சட்டம் சொல்கிறது. விற்றவர் யார் என்று மட்டும் அது சொல்லாது.

எப்படிச் சொல்லும்? துப்பாக்கி உரிமையாளர்களின் பட்டியலை மத்திய அரசு தயாரிக்கவே கூடாது என்று 1986-இல் காங்கிரஸ் சட்டமியற்றிக் குடிமக்களின் மானத்தைக் காப்பாற்றியது. மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் துப்பாக்கித் தடமறியும் மையம் இருக்கிறது. மூடிய கடைகளின் பேரேடுகள் அங்கே மலைமலையாகக் குவிகின்றன. அவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினாலும், உரிமையாளரின் பெயரைத் தட்டித் தேடும் வசதி வைக்க மாட்டார்கள். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணை வைத்துத் தயாரித்த கம்பெனி, மொத்த வியாபாரி, கடை என்று படிப்படியாக விசாரித்து, முதன்முதலில் வாங்கியவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதிகாரி அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

“அதுவா? வித்துட்டேனே.”

“யாருக்கு?”

“நல்ல மனுஷர். தொப்பி போட்டிருந்தார்.”